கோபுரத்தின் குரல்: பயிற்றுநரா, கணினியா?

விமானியாகும் கனவுள்ள மட்டக்களப்புப் பிள்ளைகள் கேட்கிறார்கள்: சிமுலேட்டரில் (தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் கருவியில்) விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரமாக யார் பேசுவது நல்லது, பயிற்றுநரா, கணினியா?

செலவு: பயிற்றுநருக்கு ஒலிவாங்கி போதும். கணினிக்கு மென்பொருளும் பராமரிப்பும் வேண்டும்.

உண்மைத்தன்மை: கணினியே முந்துகிறது. பயிற்றுநர் பேசும் அலைவரிசையில் பெரும்பாலும் வேறு விமானமே இருக்காது. கணினியால் பிற விமானங்களின் பேச்சையும் சேர்க்க முடியும். நிஜத்தில் பிறர் பேச்சுக்கிடையே தன் அழைப்புக்குறியை (வானொலியில் தன் விமானத்தின் பெயரை)ப் பிடித்து, ஆணையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். 1977இல் ஸ்பெயினின் டெனெரீஃபே தீவு விமான நிலையத்தில் இரு வானொலிச் செய்திகள் ஒரே கணத்தில் மோதின. எச்சரிக்கை காதில் விழவில்லை. ஓடுபாதையில் இரு விமானங்கள் மோதி 583 உயிர்கள் போயின. பன்னாட்டுக் குடிசார் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓவின் 9625ஆம் ஆவணம் (சிமுலேட்டர்களின் தரத்தை வரையறுப்பது) இந்த வானொலிப் பேச்சுச் சூழலையும் சிமுலேட்டர் அம்சங்களில் சேர்த்திருப்பது மிகச் சரி.

நெகிழ்வு: தடுமாறும் குரலைப் பயிற்றுநர் உணர்வார். கணினி நம் உச்சரிப்பைப் பிழையாகக் கேட்கலாம்.

முதல் மாதங்களுக்குப் பயிற்றுநர். பயணிகள் விமானப் பயிற்சிக்குக் கணினி.