படுத்த படுக்கையானவரை வீட்டில் பார்த்துக்கொள்ள: அரசுக் குழுவா, அறக்கட்டளையா, ஏஜென்சி ஆளா?

பக்கவாதமோ, முற்றிய புற்றுநோயோ, இடுப்பு எலும்பு முறிவோ, காரணம் எதுவானாலும் டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் குடும்பத்தின் கையில் வருவது ஒரு சம்மரியும் ஒரு மருந்துச் சீட்டும்தான். மூக்கில் ஒரு குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய், தானாகப் புரள முடியாத உடம்பு. இனி இதெல்லாம் மனைவி, மருமகள், மகன் பாடு. சம்பளமில்லாத இந்த வேலைக்குத் தமிழ்நாட்டில் துணை கேட்டுப் போக மூன்று இடங்கள் உண்டு: அரசின் மக்களைத் தேடி மருத்துவம், அறக்கட்டளைகளும் பெரிய மருத்துவமனைகளும் நடத்தும் நோய் ஆதரவுக் குழுக்கள் (நோயின் வலியையும் அவதியையும் குறைக்கும் ‘பாலியேட்டிவ் கேர்’), பணம் கொடுத்து அமர்த்தும் ஹோம் நர்சிங் ஏஜென்சிகள்.

மூன்றும் ஒரே வேலையைச் செய்யும் என்று நினைத்துப் போவதால்தான் பாதி ஏமாற்றம். அரசுக் குழு செவிலியரையும் மருந்தையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும், ஆனால் ராத்திரி யாரும் துணைக்கு இருக்க மாட்டார்கள். அறக்கட்டளைக் குழு வலியைக் கட்டுக்குள் கொண்டுவரும், ஆனால் அதன் எல்லைக்குள் உங்கள் வீடு இருக்க வேண்டும். ஏஜென்சி ஆள் கூடவே இருப்பார், ஆனால் அவர் பெரும்பாலும் செவிலியர் அல்ல. ஆகவே எது நல்லது என்று கேட்பதைவிட, வீட்டில் இப்போது எது இல்லை என்று பார்ப்பதே சரி: குழாய் மாற்றத் தெரிந்த கையா, வலிக்கு மருந்தா, தூங்க ஆறு மணி நேரமா?

மக்களைத் தேடி மருத்துவம்

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பது என்றுதான் பலரும் இதை அறிந்திருக்கிறார்கள். ஆனால் நோய் ஆதரவு சிகிச்சை, இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி), வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கான திரவப் பைகள் ஆகியவையும் இதில் அடக்கம். மாத்திரை கொண்டுவரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் வேறு. வாகனத்தில் வரும் நோய் ஆதரவுச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வேறு. இது தெரியாததால், மாதாமாதம் மாத்திரை வாங்கும் வீட்டிலேயே படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப்போட ஆள் தேடி அலைவார்கள்.

காரணம் பதிவில் இருக்கிறது. பெயர் வெறும் ரத்த அழுத்தம், நீரிழிவு என்று ஏறியிருந்தால் மாத்திரை மட்டும்தான் வரும். கிராமமானால் துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியரிடமும், நகரமானால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் டிஸ்சார்ஜ் சம்மரி நகல், ஆதார், தற்போதைய மருந்துப் பட்டியல் மூன்றையும் கொடுத்து, ‘படுக்கை நோயாளி, நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வேண்டும்’ என்று அதே வார்த்தைகளில் பதியச் சொல்ல வேண்டும். யாரைப் பார்ப்பது என்றே தெரியாவிட்டால் அரசின் மருத்துவ உதவி எண் 104-ஐக் கூப்பிட்டுக் கேட்கலாம்.

சிக்கல் வருவது இரண்டு இடங்களில். தனியார் டாக்டர் எழுதிய கூட்டு மாத்திரை அரசு இருப்பில் அப்படியே கிடைக்காது. தனித்தனி மாத்திரையாக வரும். பழையதும் தீரவில்லை, புதியதும் வந்துவிட்டது என்று இரண்டையும் சேர்த்துக் கொடுத்துச் சுகர் தாழ்ந்து மயங்கியவர்கள் உண்டு. மாத்திரை மாறும்போது அட்டையில் உள்ள மருந்தின் மூலப்பெயரைப் பழைய சீட்டோடு ஒப்பிட்டு, குழப்பமென்றால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேட்ட பிறகே கொடுக்க வேண்டும். அடுத்தது நேரம். குழு பகலில், வழித்தடப்படி வரும். வேலைக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டில் செவிலியர் வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவது எண்பது வயதுப் பாட்டியிடம்தான். வருகிற நாளை முன்கூட்டியே கேட்டு, அன்று ஒருவர் அரை நாள் லீவு போட்டாவது அருகில் நின்று கற்றுக்கொள்வது அடுத்த மாதம் முழுக்க உதவும்.

அறக்கட்டளை, மருத்துவமனைக் குழுக்கள்

புற்றுநோய் வலி என்றால் தயங்காமல் முதலில் இங்கே போகலாம். வேலூர் சி.எம்.சி.யின் நோய் ஆதரவுப் பிரிவு வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வழக்கமுள்ளது. சென்னையில் முற்றிய புற்றுநோயாளிகளைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் ஜீவோதயா போன்ற இல்லங்கள் இருக்கின்றன. இவர்களிடம் கிடைத்து மற்ற இரண்டிடமும் எளிதில் கிடைக்காத பொருள், கடும் வலிக்கான மார்ஃபின். போதைப்பொருள் சட்டம் 2014-ல் திருத்தப்பட்ட பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் இதை வைத்திருந்து கொடுக்கலாம். தெருமுனை மெடிக்கலில் கேட்டு அலைவது வீண்.

மார்ஃபின் என்றதும் ‘கடைசிக் கட்டம் போல’ என்று குடும்பம் கலங்கிப்போய், மாத்திரையைப் பாதியாக உடைத்தும் வலி தாங்காதபோது மட்டும் கொடுத்தும் வீணாக்குகிறது. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை சுமார் நான்கு மணி நேரம்தான். வலி திரும்பிய பிறகு கொடுத்தால் அதைத் துரத்திப் பிடிப்பதே பிழைப்பாகிவிடும். கடிகாரப்படி கொடுத்தால்தான் நோயாளி தூங்குவார், பார்த்துக்கொள்பவரும் தூங்குவார். கூடவே மலமிளக்கி கட்டாயம். முதல் சில நாள் சிலருக்கு வாந்தி வரும், பெரும்பாலும் போய்விடும். மலச்சிக்கல் போகவே போகாது. நான்கு நாள் மலம் கழியாமல் வயிறு உப்பி, ‘மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நிறுத்திவிடுவதே வழக்கமாக நடக்கும் தவறு. எழுப்ப முடியாத அளவு தூக்கமோ, மூச்சு மிக மெதுவாவதோ தெரிந்தால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே குழுவுக்குப் போன் செய்ய வேண்டும்.

குறை என்னவென்றால் எல்லை. பெரும்பாலான குழுக்கள் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குள் மட்டுமே வீட்டுக்கு வரும். தூரத்து ஊர் என்றால் நோயாளி இல்லாமல் குடும்பத்தினர் மட்டும் அறிக்கைகளோடு வந்து மருந்து வாங்கிப் போக முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் இதற்கு வழி உண்டு. பக்கவாதம், முதுமைத் தளர்ச்சிக்கெல்லாம் வருவார்களா என்பதும் இடத்துக்கு இடம் மாறும்.

ஏஜென்சி ஆள்

பணம் அதிகம் போவது இங்கேதான், சண்டை அதிகம் வருவதும் இங்கேதான். சென்னையில் 24 மணி நேர ஆளுக்கு மாதம் 20 ஆயிரத்துக்கு மேல் எடுத்துவைக்க வேண்டும். சாப்பாடு, படுக்கை தனி. ‘ஹோம் நர்ஸ்’ என்று போனில் சொல்வார்கள். வருபவர் சில மாதப் பயிற்சி பெற்ற உதவியாளராக இருப்பார். தப்பில்லை, துடைப்பதற்கும் டயப்பர் மாற்றுவதற்கும் அவரே போதும். ஆனால் சிறுநீர்க் குழாய் மாற்ற, மூக்குக் குழாய் செருக, ஊசி போட அவரை விடக்கூடாது. செவிலியர்தான் வேண்டுமென்றால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கேட்டதும் ஏஜென்சிக்காரர் பேச்சை மாற்றினால் புரிந்துகொள்ளலாம்.

முன்பணம் கொடுக்கும் முன் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்க வேண்டியவை: ஆள் நின்றுவிட்டால் எத்தனை நாளில் மாற்று ஆள், அதுவரை சம்பளம் பிடிப்பார்களா, பதிவுக் கட்டணம் திரும்புமா, மாதம் எத்தனை நாள் விடுப்பு, காவல்துறைச் சரிபார்ப்பு முடிந்ததா. சமையலும் வீட்டு வேலையும் அவர் பொறுப்பா இல்லையா என்பதையும் அன்றே பேசிவிடுங்கள். ஆள் பத்தே நாளில் கிளம்புவதற்கு நோயாளியைவிட அடுக்களைதான் அடிக்கடி காரணம்.

ஆள் சரியாகப் பார்க்கிறாரா என்று அறிய கேமரா தேவையில்லை, நோயாளியின் குதிகாலையும் வால் எலும்புப் பக்கத்தையும் தினம் ஒருமுறை பார்த்தால் போதும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. வெளுக்கவே இல்லையென்றால் புண் உள்ளே தொடங்கிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடது, மல்லாக்க, வலது என்று மாற்றி, நேரத்தைச் சுவரில் ஒட்டிய தாளில் குறிக்கச் சொல்லுங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாமல் நிற்கும். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அது சுற்றியுள்ள தோலுக்கு ரத்தம் போவதைத் தடுத்துப் புண்ணைப் பெரிதாக்கும்.

காற்று மெத்தை வாங்கிவிட்டோம், புரட்ட வேண்டாம் என்பதும் தவறு. மெத்தைக்கு அடியில் கையை விட்டால் நோயாளியின் இடுப்பு எலும்பு கையில் தட்டக்கூடாது. தட்டினால் பம்ப்பில் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். மேலே ஒரே விரிப்பு. நான்காக மடித்த போர்வையைப் போட்டால் மெத்தைக்குக் கொடுத்த காசு தண்டம். கரண்ட் போனால் பம்ப் நிற்கும், அதனால் இன்வெர்ட்டர் லைனில் உள்ள பிளக்கில் மாட்டுங்கள்.

மூக்குக் குழாயில் உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். முடிந்தபின் அரை மணி நேரமாவது அப்படியே விட வேண்டும். ஒரு வேளைக்கு 200 மில்லி சுமாராக, மெதுவாக. முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர். மூக்கு நுனியில் குழாயில் போட்ட குறி வெளியே நகர்ந்திருந்தால் ஒரு சொட்டும் கொடுக்காமல் செவிலியரைக் கூப்பிடுங்கள். சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது. புரட்டும்போது பையை நோயாளியின் மேல் தூக்கி வைக்கும் பழக்கத்தால்தான் பழைய சிறுநீர் திரும்ப உள்ளே போய்க் காய்ச்சல் வருகிறது.

மறதிநோய் என்றால் கணக்கே வேறு. இங்கே உடம்பைவிடப் பார்த்துக்கொள்பவரின் பொறுமைதான் முதலில் தீரும். சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பின் முதியோர் பிரிவும், மறதிநோய்க்கான ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. சங்கத்தின் கிளையும் குடும்பத்தினருக்கு ஆலோசனை தருகின்றன. நள்ளிரவில் அழுகை முட்டினால் அரசின் மனநல உதவி எண் டெலி மனஸ் 14416. 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். சொத்துத் தகராறு, பென்ஷன், உறவினர் கைவிட்ட விவகாரம் என்றால் முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. இந்த இரண்டும் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புபவை அல்ல. மூச்சுத் திணறலுக்கு 108 மட்டுமே.

பணம் வரும் வழி ஒன்றை மூன்று பேருமே சொல்வதில்லை. பக்கவாதத்தால் கை கால் முடங்கியவரும் சட்டப்படி மாற்றுத்திறனாளிதான். பாதிப்பு 75 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று கிடைத்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பார்க்கின்சன் நோய்க்கும் இதில் தனி வகை உண்டு. வருவாய்த்துறையின் முதியோர் உதவித்தொகை ஏற்கனவே வந்துகொண்டிருந்தால் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு தெரிந்தால் இரண்டும் நின்றுபோகும் ஆபத்து இருக்கிறது. பழைய வரிமுறையில் இருக்கும் மகனோ மகளோ இதே சான்றை வைத்து வருமான வரியில் (1961 சட்டத்தில் 80டி.டி. பிரிவு) 75,000 ரூபாயும், பாதிப்பு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாயும் வருமானத்திலிருந்து கழிக்கலாம். சான்று வாங்கும் முகாமுக்குப் படுக்கை நோயாளியைத் தூக்கிக்கொண்டு போகும் முன், வீட்டுக்கு வந்து பார்க்க ஏற்பாடு உண்டா என்று அந்த அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். மனுவோடு டிஸ்சார்ஜ் சம்மரியையும், நோயாளி படுத்திருக்கும் நிலையில் எடுத்த ஒரு போட்டோவையும் சேர்த்துக் கொடுங்கள்.