அம்பத்தூரிலிருந்து திருமங்கலம் வரை: சென்னையில் சைக்கிளோடு ஒரு விடுமுறை

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் வேலை பார்க்கும் நான், அலுவலகம், கடை, ரயில் நிலையம் என்று எங்கு போனாலும் சைக்கிளில்தான் போகிறேன். இந்த முறை அம்பத்தூரில் உள்ள பெற்றோர் வீட்டுக்கு வந்தபோது, இங்கும் அன்றாட வேலைகளை முடிந்தவரை சைக்கிளிலேயே முடித்துப் பார்ப்பது என்று தீர்மானித்திருந்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு விடியற்காலையில் குழுவாகப் பறப்பதைப் பற்றி எழுத மற்றவர்கள் இருக்கிறார்கள். நான் எழுதுவது வங்கிக்கும் மருந்துக்கடைக்கும் மெட்ரோ நிலையத்துக்கும் போய்வந்த கதை. ஊருக்கு வரும் வேறு யாரேனும் இதையே செய்ய நினைத்தால் எதை எதிர்பார்க்கலாம், எது நன்றாக இருக்கிறது, எது ஆபத்து என்று சொல்வதே நோக்கம்.

நன்றாக இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழுதுபார்ப்பில் ஐரோப்பாவை அம்பத்தூர் எளிதாக வென்றுவிடும். 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டதிலிருந்து ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. பெயர்களோடு பிணைந்துவிட்ட ஊர் இது. சைக்கிளைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. தெருமுனைக் கடைக்காரர், சக்கரத்தைக் கழற்றாமலேயே டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி டியூபை வெளியே எடுத்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும் நேரத்தில் என் பிரேக் கட்டையையும் சரிசெய்து கொடுத்தார். ஐந்தோவனில் இதற்கு முன்பதிவு செய்து, சைக்கிளை ஒப்படைத்துவிட்டு வரவேண்டும். பழைய சைக்கிள் ஒன்றை எனக்குத் தேடித் தந்தவரும் அவரே. “கியர் வண்டி வேணாம் தம்பி, நம்ம ரோட்டுக்கு கேரியர் வச்ச சாதா வண்டிதான் தாங்கும்” என்ற அவர் அறிவுரை முற்றிலும் சரியாக இருந்தது.

சாலைக்கு வருவோம். சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையில், அதாவது எல்லோரும் சி.டி.எச். ரோடு என்று சொல்லும் சாலையில், சைக்கிள்காரருக்கு ஒதுக்கப்பட்டதாகக் கருதப்படும் இடம் இடது ஓரம். அந்த ஓரத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: காற்றில் ஒதுங்கிய மணல், ஆள் ஏற்ற நிற்கும் ஷேர் ஆட்டோ, கடை வாசலில் சாய்வாக நிறுத்திய டூவீலர்கள், இவற்றுக்கு நடுவே மழைநீர் வடிகாலின் இரும்புக் கம்பி மூடிகள். கம்பிகள் சாலைக்குக் குறுக்காக அமைந்திருந்தால் சக்கரம் தடதடவென்று தாண்டிவிடும். வண்டி போகும் திசையிலேயே நீளவாக்கில் அமைந்திருந்தால் மெல்லிய டயர் இடுக்கில் இறங்கி ஆளைத் தூக்கி எறியும். மூடியைப் பதிக்கும்போது தொண்ணூறு பாகை திருப்பி வைத்தால் தீரும் பிரச்சினை இது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போடுவதால் சாலை மட்டும் உயர்ந்து, பாதாளச் சாக்கடை மூடிகள் உயராமல் பள்ளமாகிவிடுவதும் இதே வகையைச் சேர்ந்தது. காருக்கு அது ஒரு குலுங்கல். சைக்கிளுக்கு அது ஒரு விபத்து. எனவே ஓரத்தை விட்டு ஒன்றரை மீட்டர் உள்ளே தள்ளித்தான் ஓட்டவேண்டியிருக்கிறது. அங்கே போனதும் பின்னால் ஹாரன் தொடங்கிவிடுகிறது.

இதையெல்லாம் சகித்துக்கொண்டு தினமும் ஓட்டுகிறவர்கள் யார் என்பதைக் கவனித்தேன். காலை ஆறு மணிக்குத் தொழிற்பேட்டைப் பக்கம் போனால், ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு போகும் காவலாளிகள், கட்டடத் தொழிலாளர்கள், கேரியரின் இருபுறமும் தண்ணீர் கேன் கட்டியவர்கள். எட்டு மணிக்கு மேல் அரசு கொடுத்த சைக்கிளில் மாணவ மாணவியர். விலையில்லாச் சைக்கிள் திட்டம் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்காகத் தொடங்கி, 2005-06இல் அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் 1 படிக்கும் அனைவருக்கும் விரிந்தது. அதற்கும் முன்பே, 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கமும் அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தும் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்தார்கள். சைக்கிளைக் கையில் கொடுப்பதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட அனுபவம் உண்டு. அந்தச் சைக்கிள் ஓடவேண்டிய இரண்டு மீட்டர் அகலப் பாதையைக் கொடுப்பதில்தான் இன்னும் கை வரவில்லை.

கொள்கை இல்லாமல் இல்லை. மோட்டார் சாராப் போக்குவரத்துக்கென்று தனிக் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014இலேயே ஏற்றுக்கொண்டது. தன் போக்குவரத்துச் செலவில் 60 விழுக்காட்டை நடைபாதைக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்கவேண்டும் என்று அதில் எழுதியும் இருக்கிறது. சைக்கிள் பாதைகளை எப்படி அமைக்கவேண்டும் என்பதற்கு சாலைத் தரநிலைகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் வழிகாட்டி 2015இல் திருத்தி வெளியிடப்பட்டது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் திறக்கப்பட்ட அகலமான நடைபாதை வளாகம், மனம் வைத்தால் கார்களிடமிருந்து இடத்தை மீட்க முடியும் என்பதைக் காட்டுகிறது. அங்கே நடப்பது உண்மையிலேயே இன்பமாக இருந்தது. அதே ஆண்டு நகரில் வாடகைச் சைக்கிள் திட்டமும் வந்தது. பூங்கா, கடற்கரை, மெட்ரோ நிலைய வாசல்களில் செல்பேசிச் செயலி வழியாக எடுத்துப் போகலாம் என்பது ஏற்பாடாக இருந்தது. இத்தகைய திட்டங்களின் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. சைக்கிள் இல்லாதது சென்னையின் குறை அல்ல. பல வீட்டு மாடிப்படியின் கீழே ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது. அதை வெளியே எடுக்கப் பயப்படுவதுதான் குறை. தண்ணீர் கேன் சுமப்பவருக்குச் செயலியால் என்ன பயன்?

பயம் எங்கே பிறக்கிறது என்றால், சந்திப்புகளில். நேரான சாலையில் பின்னால் வரும் வண்டி எப்படியும் ஒதுங்கிப் போய்விடும். பாடி மேம்பாலச் சந்திப்பில் நான் நேராகப் போகவேண்டும். எனக்கு வலப்புறம் வரும் பேருந்தும் லாரியும் இடது இணைப்புச் சாலைக்குள் திரும்பவேண்டும். என் பாதையும் அவற்றின் பாதையும் ஒன்றை ஒன்று வெட்டும் அந்த இடத்தில் கோடு, பலகை, சிக்னல் எதுவும் எனக்கு உதவவில்லை. நிற்காமல் இடது பக்கம் திரும்ப அனுமதித்திருப்பதால் வளைவில் யாரும் வேகத்தைக் குறைப்பதில்லை. கூட வந்த கட்டடத் தொழிலாளர் ஒருவர், மிகப் பழகியவர் போல, வளைவுக்கு முன்பே இறங்கி, கையைத் தூக்கிக் காட்டியபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்தார். நானும் அவர் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போனேன். அதன் பிறகு எல்லா நாளும் அப்படித்தான்.

பச்சை வண்ணம் பூசி, நடுவில் சைக்கிள் படம் வரைந்து, சந்திப்பு வந்ததும் காணாமல் போகும் பாதைகளை இந்திய நகரங்கள் பலவற்றில் பார்த்திருக்கிறேன். பாதுகாப்பு தேவைப்படும் இடத்தில் கைவிட்டுவிடும் பாதையால் பயன் குறைவு. நெதர்லாந்தில் சாதாரணச் சந்திப்பில் என்ன செய்திருக்கிறார்கள் என்றால், மூலையில் ஒரு சிறு கான்கிரீட் திட்டு. அதனால் திரும்பும் வண்டி கூர்மையாக வளைந்து, மெதுவாகத்தான் திரும்ப முடியும். சைக்கிள் கடக்கும் இடம் சாலையிலிருந்து ஒரு கார் நீளம் உள்ளே தள்ளியிருப்பதால், ஓட்டுநர் முழுவதும் திரும்பிய பிறகு சைக்கிளை நேருக்கு நேராகப் பார்ப்பார். சைக்கிள்கள் நிற்கும் கோடு கார்களின் கோட்டுக்கு முன்னால் இருக்கும். இதற்குத் தேவை கொஞ்சம் கான்கிரீட்டும் வெள்ளை வண்ணமும் மட்டுமே. ஐந்தோவனில் 2012இல் திறந்த ஹோவன்ரிங் என்ற தொங்கும் வட்டப்பாலத்தின் படத்தைக் காட்டி, அதெல்லாம் பணக்கார நாட்டுக்கு என்று ஊரில் சிலர் சொன்னார்கள். அந்தப் பாலம் ஒரு விதிவிலக்கு. நெதர்லாந்தும் பிறவியிலேயே சைக்கிள் நாடாக இருந்துவிடவில்லை: 1971இல் மட்டும் அங்கே சாலை விபத்தில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள், அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடிய பிறகே சாலைகள் மாறின.

பேருந்து நிறுத்தம் இன்னொரு சிக்கல். பேருந்து இடது ஓரத்துக்கு ஒதுங்கும்போது சைக்கிள் அதன் பின்னால் நிற்கவேண்டும், அல்லது வலப்புறம் ஒடித்து நடுச்சாலைக்குப் போகவேண்டும். நிறுத்தத்தையே ஒரு திட்டாக்கி, சைக்கிள் பாதையை அதன் பின்புறமாகக் கொண்டுபோவது உலகெங்கும் அறிந்த தீர்வு. ஆனால் சென்னையில் நிறுத்தத்தின் பின்புறம் ஏற்கெனவே கடையும் மின்மாற்றியும் இருக்கின்றன என்பதால், எல்லா இடத்திலும் இது எளிது என்று சொல்லமாட்டேன்.

நிறுத்துமிடம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் எனக்கு எரிச்சல் வந்தது அங்கேதான். ஒரு பெரிய வணிக வளாகத்தின் வாசலில் காவலாளி, “சைக்கிளுக்கு டோக்கன் கிடையாது சார், வெளியில விட்டுட்டு வாங்க” என்றார். மிஷினில் கார், டூவீலர் என்று இரண்டு பொத்தான்கள்தான் இருந்தன. நான் டூவீலர் கட்டணம் தருகிறேன் என்றேன். நம்பர் பிளேட் இல்லாத வண்டிக்குச் சீட்டு அடிக்க முடியாது என்றார். அவர் மேல் பிழையில்லை. அவரும் சைக்கிளில்தான் வேலைக்கு வருகிறார், சுற்றுச்சுவருக்குப் பின்னால் வேப்பமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்ததைக் காட்டி, என்னுடையதையும் அங்கேயே கட்டச் சொன்னார். இதற்கு மாறாக, புறநகர் ரயில் நிலையத்துக்கு எதிரே தனியார் ஒருவர் நடத்தும் பழைய சைக்கிள் ஸ்டாண்டு அருமையாக இருந்தது: தகரக் கூரை, வரிசை பிசகாத அடுக்கு, சைக்கிள் இருக்கையில் சாக்பீஸால் எழுதிய எண், மாதக் கட்டணத்துக்குத் தனி நோட்டு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர ரயில் நிலையத்தின் அடியில் 12,500 சைக்கிள் நிறுத்தும் இடம் உண்டு. நமக்கு அவ்வளவு தேவையில்லை, இந்தத் தகரக் கூரை ஒவ்வொரு மெட்ரோ நிலைய வாசலிலும் இருந்தால் போதும்.

பாதுகாப்பு என்றதும் ஊரில் எல்லோரும் என்னிடம் தலைக்கவசம் பற்றியே கேட்டார்கள். அணிந்தேன், அணிவது நல்லது. ஆனால் உயிரைத் தீர்மானிப்பது மோதும் வண்டியின் வேகம். 50 கிலோமீட்டரில் வரும் வண்டியின் மோதல் ஆற்றல், 30இல் வரும் அதே வண்டியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. சென்னையில் குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 கிலோமீட்டர் வரம்பை 2023இல் போக்குவரத்துக் காவல் அறிவித்தது. எங்கள் தெருவில் அதைக் காக்கும் ஒரே ஏற்பாடு வேகத்தடைதான். சட்டமும் பாதி வழி வந்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்ந்த 198ஏ பிரிவின்படி, தரநிலைக்கு மாறாகச் சாலை அமைத்தோ பராமரிக்காமலோ விட்டு அதனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. நெதர்லாந்தில் காரும் சைக்கிளும் மோதினால், தவிர்க்கவே முடியாத விபத்து என்று ஓட்டுநர் நிரூபிக்காத வரை இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையது. 14 வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் ஏறக்குறைய முழுப் பொறுப்பும் அவருக்கே. அங்கே கார்க்காரர்கள் சைக்கிளைக் கண்டு தயங்குவதற்கு நற்குணம் மட்டும் காரணமல்ல.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் அறியவேண்டிய ஒன்று: 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலைகளில் அடிபடும் யாருக்கும், எந்த நாட்டவர் என்று பார்க்காமல், முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றித் தருகிறார்கள், அந்தச் செலவுக்கு உச்சவரம்பு உண்டு. 108ஐ அழைக்கும்போதே நினைவில் இருக்கவேண்டிய செய்தி. விளக்கு, பின்புறச் சிவப்புப் பிரதிபலிப்பான், மணி மூன்றும் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். பெருஞ்சாலையைத் தவிர்த்து, முகப்பேர் வழியாக உட்தெருக்களில் போனால் திருமங்கலம் மெட்ரோவுக்குக் கூடுதலாகச் சில நிமிடங்கள்தான் ஆகும். அம்பத்தூரில் இருப்பவர்களுக்கு அந்த வழியையே பரிந்துரைப்பேன்.

அதே திருமங்கலம், மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சோழிங்கநல்லூர் வழித்தடத்தோடு இணையும் நிலையமாகப் போகிறது. ஏறக்குறைய 119 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் கட்டப் பணிகளுக்காகத் தோண்டிய சாலைகளையெல்லாம் எப்படியும் புதிதாகப் போட்டாகவேண்டும். ஒப்பந்தப் புள்ளியில் சந்திப்பு மூலைத் திட்டு, குறுக்குக் கம்பி வடிகால் மூடி, நிலைய வாசலில் கூரை போட்ட சைக்கிள் ஸ்டாண்டு ஆகிய மூன்றையும் சேர்த்துவிட்டால், தனித் திட்டமோ தனி நிதியோ தேவைப்படாது. தார் போட்டு முடித்த பிறகு கேட்டால், இன்னொரு முறை தோண்டும்வரை காத்திருக்கவேண்டும்.