குயின் படப்பாட்டுத் தொகுப்பு: செங்கோட்டை – புனலூர் மலைப்பாதையில் நெடுநாள் ஓட்டிக் கேட்டதில்

குயின் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் கதையைச் சொல்லி 2018 அக்டோபரில் வெளியான 'பொஹீமியன் ராப்சடி' படத்தின் இசைத் தொகுப்பில் 22 தடங்கள், ஏறக்குறைய 80 நிமிடம். செங்கோட்டையில் போட்டுவிட்டால் புளியரை எஸ் வளைவு, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை என்று தாண்டி, புனலூரை நெருங்கும்வரை வரும். வருடக்கணக்கில் இப்படிக் கேட்டபின் சொல்லத் தோன்றுவது: 16 முதல் 20 வரையுள்ள ஐந்து தடங்களுக்காகத்தான் இதை வாங்க வேண்டும். அந்த ஐந்தைத்தான் பெரும்பாலான கார் ஸ்டீரியோக்கள் கெடுத்துவிடுகின்றன.

படம் பார்த்த கையோடு வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். பாடகர் ஃபிரெடி மெர்குரியாக நடித்த ரமி மாலெக்கின் குரலை இதில் தேடாதீர்கள். இவை குயின் குழுவின் பதிவுகள், ஃபிரெடியின் சொந்தக் குரல். குயினின் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' முதலிரண்டு தொகுதிகள் கையில் இருந்தால், இங்குள்ள ஒன்பது ஸ்டுடியோ பாடல்களும் ஏற்கெனவே உங்களிடம் உண்டு. அவற்றில் இல்லாதவை 1, 3, 4, 6, 8, 10, 11, பிறகு 16 முதல் 21 வரை.

16–20 என்பது 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த லைவ் எய்ட் என்ற நிவாரண நிதி இசை நிகழ்ச்சியில் குயின் பாடியது. அன்று பாடியதில் 'கிரேஸி லிட்டில் திங்', 'வீ வில் ராக் யூ' இரண்டும் இந்த ஐந்தில் கிடையாது; படத்தில் வருகிற வரிசைதான் இது. 18ஆம் தடம் வெறும் 41 விநாடி: ஃபிரெடி ஒரு இழுப்பு இழுக்க, மைதானமே திருப்பிப் பாடும். இந்த ஐந்தும் நிற்காமல் ஓடினால்தான் கூட்டத்தின் இரைச்சல் ஒரே அலையாகக் கேட்கும்.

கெடுவது எங்கே என்றால், எம்பி3 கோப்பு 1152 ஒலி மாதிரிகள் கொண்ட சட்டங்களாக (ஃபிரேம்) அடுக்கப்படுகிறது. அதனால் தலையிலும் வாலிலும் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்ளும். அதை வெட்டத் தெரியாத ஸ்டீரியோவில் ஒவ்வொரு தடம் மாறும்போதும் கூட்டம் சட்டென்று வாயடைத்து, மறுபடி கத்தும். ஸ்டுடியோ பாடலில் இது தெரியாது. இங்கே காதில் குத்தும்.

தீர்வு, ஐந்தையும் ஒரே கோப்பாக்குவது. தரம் குறையாத எஃப்எல்ஏசி கோப்புகள் அல்லது சிடியிலிருந்து எடுத்த வேவ் கோப்புகள் வேண்டும். எம்பி3யை மறுபடி எம்பி3 ஆக்கினால் மௌனமும் கூடவே வரும், தரமும் தேயும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஐந்தையும் ஒன்றாக இறக்கி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, தடங்களை முனையோடு முனை வரிசையாக்கும் கட்டளை கொடுத்து, 320 கேபிபிஎஸ்ஸில் ஏற்றுமதி செய்தால் 15 நிமிடம் சொச்சம் வரும் ஒரே தடம். முழுத் தொகுப்பும் 320இல் சுமார் 190 எம்பிதான். பென் டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்துவிட்டு, 01, 02 என்று பெயரிட்டு, அந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக நகலெடுங்கள். பழைய ஸ்டீரியோ சில, பெயரைப் பார்க்காது; எது முதலில் ஏறியதோ அதைத்தான் முதலில் பாடும்.

ஃபோனில் ஸ்ட்ரீமிங் என்றால் கிளம்பும் முன்பே டவுன்லோட் செய்துவிடுங்கள். காட்டுக்குள் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். செயலியில் இடைவெளியில்லா ஒலிப்பை இயக்கி, ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடைப் பூஜ்யத்தில் வையுங்கள். ஷஃபிள் வேண்டவே வேண்டாம்.

ஏற்றத்தில் இரண்டாம் கியரில் போகும்போது எஞ்சின் உறுமல் பேஸ் கிட்டாரை விழுங்கிவிடும். 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' பாதியாகிப் போகும். பேஸை ஏற்றி ஈடுகட்டப் பார்த்தால் 11ஆம் தடமான 'வீ வில் ராக் யூ'வின் கால்தட்டில் கதவுப் பலகை கடகடக்கும். இரண்டு புள்ளிக்கு மேல் ஏற்றாதீர்கள். நடுச்சுரத்தை (மிட்) கொஞ்சம் தூக்கினால் போதும். ரியோவில் பதிவான 10ஆம் தடம் 'லவ் ஆஃப் மை லைஃப்' கிட்டாரும் குரலும் கூட்டமும் மட்டுமே, கண்ணாடி ஏற்றாமல் அதைக் கேட்பது வீண். 7ஆம் தடமான 'பொஹீமியன் ராப்சடி' பாட்டை டீக்கடை ப்ளூடூத் பெட்டியிலும் போடாதீர்கள். ஒபரா பகுதியில் குரல்கள் இடமும் வலமும் தாவுகிற விளையாட்டு, ஒற்றை ஸ்பீக்கரில் அப்படியே அமுங்கிவிடும். ஹெட்ஃபோன்தான் அதற்குச் சரி.

அதிகம் பேசப்படாதது 3ஆம் தடம், 'டூயிங் ஆல் ரைட்'. குயினுக்கு முன் அதன் கிட்டார் கலைஞர் பிரையன் மேயும் டிரம்மர் ரோஜர் டெய்லரும் இருந்த ஸ்மைல் குழுவின் பாட்டு; அப்போதைய பாடகர் டிம் ஸ்டாஃபெலையே அழைத்து லண்டன் அப்பி ரோடு ஸ்டுடியோவில் புதிதாகப் பதிந்தார்கள். படத்துக்காகச் செய்த வேலைகளில் இதுதான் உருப்படி. 21ஆம் தடமான 'டோன்ட் ஸ்டாப் மீ நவ்'வில் பிரையன் மே புதிதாகச் சேர்த்த கிட்டார் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் 1978 பதிவில் பியானோவே முன்னின்று ஓடிக்கொண்டிருந்து சோலோவில் கிட்டார் பாயும் அந்தத் திடுக்கிடல் போய்விட்டது. பழையதே மேல்.

2019இல் வந்த இரட்டை எல்பி இசைத்தட்டு வாங்குபவர்கள் ஜூனில் தொடங்கும் சாரலை நினைவில் வைக்க வேண்டும். மலைக்கு மேற்கே ஈரம் இன்னும் மோசம். காகித உறை நீரை இழுத்து, தட்டில் வெள்ளைப் பூஞ்சை படரும். ஊசியில் அது படபடவென்று கேட்கும், அமைதியான 10ஆம் தடத்தில்தான் முதலில் தெரியும். உள்ளுறையைப் பாலித்தீன் உறையாக மாற்றி, தட்டுகளைச் செங்குத்தாக நிறுத்தி, பீரோவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். பொட்டலம் ஈரம் குடித்ததும் மாற்ற வேண்டும். பூத்த தட்டைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மெல்லிய துணியால், பள்ளம் ஓடும் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும்.