நைட் டூட்டியும் நேரலை வகுப்பும்: சுகாதாரச் சேவை மேலாண்மை படித்த அனுபவம்

வார்டில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் கேட்டான், "அக்கா, நானும் அந்த மேனேஜ்மென்ட் படிப்புல சேரலாமா?" ஒரு வார்த்தையில் பதில் வரவில்லை. படித்து முடித்து, சான்றிதழும் கைக்கு வந்து, அது பீரோவுக்குள் போயும் நாளாகிவிட்டது. ஆனாலும் அந்தக் குழு அசைன்மென்ட்டை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. என்னென்ன பாடம், எத்தனை பருவம் என்பதெல்லாம் கையேட்டிலேயே இருக்கும். அதில் இல்லாததை எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கோபத்தில் விட்டுப்போகும்.

லிட்டில் விதி என்று ஒன்று. ஜான் லிட்டில் என்பவர் 1961-இல் நிரூபித்தது. ஓர் இடத்துக்கு நாளுக்கு எத்தனை பேர் வருகிறார்கள், ஒருவர் சராசரியாக எத்தனை நாள் தங்குகிறார், இரண்டையும் பெருக்கினால் அங்கே சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள் என்று வந்துவிடும். அவ்வளவுதான். தினமும் 6 பேர், ஆளுக்கு 5 நாள் என்றால் 30 படுக்கை. ரவுண்ட்ஸிலேயே டாக்டர் டிஸ்சார்ஜ் சொல்லிவிட்டார், ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரி தயாராகவில்லை, மருந்து வரவில்லை, பில் முடியவில்லை என்று ஆளுக்கு அரை நாள் இழுத்தால் 33 படுக்கை வேண்டும். கூடுதலாக ஒருவர்கூட அட்மிட் ஆகவில்லை, யாருக்கும் நோய் முற்றவும் இல்லை. 3 படுக்கை வெறும் காகிதத்துக்குப் போகிறது! "பெட் இல்லை" என்று வருஷக்கணக்காகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. பையைக் கட்டிவைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால், யாருடைய கையெழுத்துக்காகக் காத்திருக்கிறார் என்றுதான் இப்போதெல்லாம் முதலில் விசாரிக்கிறேன்.

அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் பற்றிய வகுப்பும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த பட்டியல், மொத்தம் 19 அம்சம். 8 நகரங்களின் மருத்துவமனைகளில் பார்த்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளை வைத்து 2014-இல் வந்த ஆய்விலோ, சொல்லிக்கொள்ளும்படி எதுவும் குறையவில்லை. ஏன் என்று ஆசிரியர் கேட்டதும் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கிறவர்கள் அத்தனை பேரும் மைக்கை ஆன் செய்துவிட்டார்கள். "பேஷன்ட் உள்ள வர்றதுக்கு முன்னாடியே எல்லாக் கட்டத்துலயும் டிக் விழுந்திருக்கும் மேடம்." கல்லூரியிலிருந்து நேராக வந்து படிக்கிறவர்களுக்கு இந்தப் பேச்சு வாய்க்காது.

நிதிப் பாடம் சுமார். மேலிடம் "ஆள் போட முடியாது" என்று சொல்லும்போது எந்தக் கணக்கை வைத்துச் சொல்கிறார்கள் என்று புரிகிறது. புரிந்ததால் ஆள் போட்டுவிட்டார்களா என்றால், அது வேறு கதை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். "பணியில் இருப்பவர்களுக்கென்றே வடிவமைத்தது" என்று விளம்பரம் போடுகிறார்கள். பணி என்றால் காலையில் போய் மாலையில் வீடு திரும்புவது என்று நினைத்துக்கொண்டார்கள் போல. என் குழுவில் ஒரு லேப் டெக்னீஷியன், ஒரு ரேடியோகிராபர், ஒரு பார்மசிஸ்ட், ஒரு பிசியோ. ஒருவர் நைட் முடித்துப் படுக்கும்போது இன்னொருவருக்கு மார்னிங் டூட்டி. ஐந்து பேரும் ஒன்றாகப் பேச நேரம் பிடிப்பதற்கென்றே தனி அட்டவணை போட்டோம். கடைசியில் சமர்ப்பித்த அறிக்கையைவிட அது நீளம். ஒருவர் பேசப் பேச, பின்னால் மானிட்டர் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். அறிக்கையின் தலைப்பு என்ன தெரியுமா? ஷிஃப்ட் வேலையும் களைப்பும்!

அதற்கான நேரலை வகுப்பும் காலையில்தான். வருகைப்பதிவு கட்டாயம், கேமரா ஆனில் இருக்க வேண்டும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால் கையும் கண்ணும் சேர்ந்து செய்யும் வேலைத்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்ற 1997-ஆம் ஆண்டு ஆய்வை விளக்குகிறார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் நைட் டூட்டியிலிருந்து அப்படியே வந்து உட்கார்ந்தவர்கள். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. வகுப்பைப் பதிவு செய்து கொடுங்கள் என்று ஒருங்கிணைப்பாளருக்கு எழுதினேன். "உங்கள் நேரத்தை முன்கூட்டியே திட்டமிட்டுக்கொள்ளுங்கள்" என்று பதில். அடுத்த வார டூட்டி அட்டவணையே எங்கள் கைக்கு எப்போது வரும் என்று அவருக்கு யார் சொல்வது?

நியாயமாகப் பார்த்தால், வேலையிலும் யாரோடு டூட்டி என்று நாமா முடிவு செய்கிறோம்? குழுவோடு மல்லுக்கட்டுவதும் பயிற்சிதான் என்று வாதாடலாம். ஆனால் வார்டில் ஹேண்டோவர் என்று ஒன்று இருக்கிறது. அடுத்த ஆள் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளும்வரை யாரும் கிளம்ப மாட்டார்கள். இங்கே சமர்ப்பிக்க வேண்டிய ராத்திரியில் இருவர் போனையே எடுக்கவில்லை. மதிப்பெண் மட்டும் எல்லோருக்கும் ஒன்று.

தம்பி, படிப்பு நல்ல படிப்பு. நான் கற்றதில் பாதியைத் தினமும் வார்டில் பயன்படுத்துகிறேன். ஆனாலும் இப்போதைக்குச் சேராதே. சேர்ந்தே தீருவேன் என்றால் பணம் கட்டுவதற்கு முன் நேரலை வருகை கட்டாயமா, வகுப்பின் பதிவு கிடைக்குமா, குழு அசைன்மென்ட்டுக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள். மழுப்பினால் விட்டுவிடு.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். நன்றாகத் தூங்கி எழுந்து எழுதியிருந்தால் மூன்றரை கொடுத்திருப்பேன்.