கரடிப் பித்தம்: காடா, கூண்டா, மாத்திரையா?

சீன மருத்துவத்தில் கரடிப் பித்தம் புதிதல்ல. தாங் அரச மரபின் காலத்தில், கி.பி. 659-இல் தொகுத்த மருந்து நூலிலேயே இருக்கிறது. காய்ச்சல், கண் சிவப்பு, கல்லீரல் கோளாறு, மூலம் என்று பலவற்றுக்கும் கொடுப்பார்கள்.

காட்டுக் கரடியைக் கொன்று பித்தப்பையைக் காயவைத்து விற்பது பழைய வழி. ஆசியக் கருங்கரடி 1979 முதல் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பதால், இன்று அதை நாடு விட்டு நாடு விற்பது சட்டவிரோதம். பன்றிப் பித்தப்பையைக் கரடியுடையது என்று தலையில் கட்டுவதும் நடக்கிறது.

அடுத்தது பண்ணை. வட கொரியாவில் தொடங்கி, 1980-களில் சீனாவுக்கு வந்தது. ஒரே கரடியிடம் வருடக்கணக்கில் பித்தம் எடுத்தால் காட்டுக் கரடி பிழைக்கும் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கரடி கூண்டிலேயே கிடக்கும். பித்தம் வடிக்க வயிற்றில் போட்ட துளையை ஆறவே விடமாட்டார்கள். மீட்கப்பட்ட கரடிகளிடம் பித்தப்பை அழற்சியும் கல்லீரல் புற்றுநோயும் கண்டிருக்கிறார்கள். சீழ் கலந்த பித்தம் என்ன மருந்து? போதாததற்கு, காட்டுக் கரடியுடையதுதான் வீரியம் என்று தேடுபவர்கள் குறையவில்லை. வியட்நாமும் தென் கொரியாவும் தடை போட்டுவிட்டன. சீனாவில் இன்னும் சட்டப்படி நடக்கிறது.

மூன்றாவது மாத்திரை. 1927-இல் ஜப்பானின் ஒகயாமாவில், கரடிப் பித்தத்திலிருந்து அதன் முக்கிய மருந்துப் பொருளான அர்சோடிஆக்ஸிகோலிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் இறைச்சிக்கூட மாட்டுப் பித்தத்திலிருந்து ஆலையில் தயாராகிறது. (சுத்த சைவம் என்று நினைத்துவிட வேண்டாம்.) கொழுப்பால் உண்டாகும் பித்தக்கல்லுக்கும், கர்ப்ப காலத்தில் பித்தத் தேக்கத்தால் வரும் அரிப்புக்கும் நம்மூர் மருத்துவர்களும் எழுதித் தருவது இதைத்தான். கரடிக்குக் கரடி அமில அளவு மாறும். மாத்திரையில் இத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டே இருக்கும். கல்லீரல், பித்தப்பை விஷயத்தில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

பித்தம் ஒரே அமிலம் அல்லவே என்பார்கள் பாரம்பரிய மருத்துவர்கள். அது சரிதான். 2020 மார்ச்சில் சீன அரசின் கொரோனா சிகிச்சை வழிகாட்டியில் கரடிப் பித்தத்தூள் கலந்த 'தான் ரெ சிங்' ஊசி மருந்து இடம்பெற்றதையும் காட்டுவார்கள். ஆனால் அதில் ஆட்டுக்கொம்பு, ஹனிசக்கிள் பூ, ஸ்குட்டெல்லேரியா என்ற மூலிகையின் வேர் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. குணமானால் பெயர் எதற்குப் போகும்? காய்ச்சலுக்கும் உடம்புச் சூட்டுக்கும் அந்த ஸ்குட்டெல்லேரியா வேரைத் தனியாகவும் அவர்களே காலங்காலமாகக் கொடுத்து வருகிறார்கள்.