அட்மிரல் தொகுப்பில் சோதனையும் ரிவியூவும்: மூன்றாண்டு அனுபவம்

மருத்துவ ஆய்வுத் தரவைப் பகுப்பாய்வுக்கு ஏற்ற ஏடாம் (ADaM) என்ற தர வடிவத்துக்கு மாற்றும் வேலையில் பல ஆண்டுகளைச் சாஸ் (SAS) என்ற புள்ளியியல் மென்பொருளில் கழித்தபின், கடந்த மூன்றாண்டுகளாக ஆர் (R) நிரல்மொழியின் அட்மிரல் (admiral) தொகுப்பைப் பயன்படுத்தி வருகிறேன். ரோஷ், ஜிஎஸ்கே ஆகிய மருந்து நிறுவனங்களின் நிரலாளர்கள் 2021-இல் கூட்டாகத் தொடங்கிய திறமூலத் தொகுப்பு இது. பின்னர் வேறு நிறுவனத்தாரும் சேர்ந்துகொண்டனர். வேகம், வசதி ஆகியவை பற்றிப் பலரும் எழுதிவிட்டதால், சோதனை எழுதுவதிலும் பிறர் எழுதிய நிரலை ரிவியூ செய்வதிலும் எனக்கு நேர்ந்ததை மட்டும் இங்கே பதிகிறேன்.

சாஸில் சோதனை என்றாலே எங்களுக்கு இரட்டை நிரலாக்கம்தான். ஒருவர் எழுதிய தரவுத்தொகுதியை இன்னொருவர் ஸ்பெக்கை (தரவு எப்படி அமைய வேண்டும் என்ற விதிகளின் ஆவணத்தை) மட்டும் பார்த்துத் தனியாக உருவாக்குவார். இரண்டையும் ஒப்பிடும் சாஸின் ப்ராக் கம்பேரில் (PROC COMPARE) வேறுபாடு வராவிட்டால் வேலை முடிந்தது. மதிப்புகள் எல்லாம் சமம் என்ற அந்தக் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு, இரு பக்கமும் வரிகளின் எண்ணிக்கை ஒன்றுதானா என்று மேலே பார்க்கத் தவறியவர்கள் எங்களில் ஒருவர் இருவர் அல்லர். பொதுவான வரிகளிலும் மாறிகளிலும் (நெடுவரிசைகளிலும்) மட்டுமே ஒப்பிட்டுவிட்டு அந்த வரியை அது அச்சிடும்.

அட்மிரலில் நிலைமை வேறு. ஒவ்வொரு செயற்கூறுக்கும் (function) டெஸ்ட்தட் (testthat) என்ற ஆர் சோதனைத் தொகுப்பைக் கொண்டு எழுதிய சோதனைகள் தொகுப்புடனேயே இருக்கின்றன. அவற்றைப் படித்துத்தான் நான் சோதனை எழுதக் கற்றேன். ஆய்வு நாளைக் கணக்கிடுவதை எடுத்துக்கொள்வோம்: மருந்து தொடங்கிய தேதி 1-ஆம் நாள், அதற்கு முந்தைய தேதி −1, பூஜ்யம் என்ற நாளே கிடையாது. மருந்து தொடங்கிய அன்று ஒரு வரி, அதற்கு முதல் நாள் ஒரு வரி, தேதியே இல்லாமல் ஒரு வரி என மூன்று வரிகளைக் கையால் எழுதி, வர வேண்டிய விடையையும் கையாலேயே எழுதி, இரண்டையும் ஒப்பிட்டால் போதும். ஒப்பிடும் வேலையைப் பின்னணியில் டிஃப்டிஎஃப் (diffdf) என்ற இன்னோர் ஆர் தொகுப்பு செய்கிறது. எந்த வரியில் எந்த மாறி வேறுபடுகிறது என்பதுடன், மாறியின் லேபிள் மாறியிருந்தாலும் அது சொல்லிவிடும். முதல் வாரத்தில் எரிச்சலூட்டிய இந்தக் கறார், ஒரு மாதத்தில் பழகிவிட்டது.

ஆனால் கையால் எழுதும் தரவில் ஒரு பொறி உண்டு; அதில் நானே விழுந்தேன். விடுபட்ட மதிப்பை நிரப்புவதற்கு நான் எழுதிய ஒரு செயற்கூறு எல்லாச் சோதனைகளிலும் தேறியது. உண்மையான தரவில் ஒரு வரியைக்கூட நிரப்பவில்லை. சாஸ் கோப்பிலிருந்து ஆருக்கு வரும் எழுத்து மாறிகளில் விடுபட்ட மதிப்பு வெற்றுச் சரமாக (ஓர் எழுத்தும் இல்லாத உரையாக) வந்து சேர்கிறது. அதை ஆர் விடுபட்டதாகக் கருதுவதில்லை. வெற்றுச் சரங்களை மாற்றுவதற்கென்றே அட்மிரலில் ஒரு செயற்கூறு இருக்கிறது. நான்தான் அதை அழைக்கவில்லை. சோதனைத் தரவை எழுதியதும் நானே என்பதால், விடுபட்டது எந்த உருவில் வரும் என்று நான் நினைத்திருந்தேனோ, அதே உருவில்தான் அங்கும் எழுதி வைத்திருந்தேன்.

இதைவிடப் பெரிய பாடம் பக்கவிளைவுத் தரவில் கிடைத்தது. ஒரு நோயாளிக்குப் பக்கவிளைவு தொடங்கிய தேதி ‘2014-03’ என்று மட்டுமே பதிவாகியிருந்தது. மருந்து தொடங்கியதோ 2014-03-12. நாள் தெரியாவிட்டால் மாதத்தின் முதல் நாளை இடுக என்பது ஸ்பெக்கின் வரி. நான் அட்மிரலில் அப்படியே எழுத, 2014-03-01 வந்தது. மருந்துக்கு முன்பே தொடங்கிய பக்கவிளைவு என்று கணக்காகி, சிகிச்சைக்குப் பின் தோன்றியதைக் காட்டும் கொடி (ஆம் என்ற குறி) விழவில்லை. எனக்கு இணையாக எழுதிய நண்பரும் அதே வரியை அப்படியே படித்திருந்தார். ஒப்பீட்டில் ஒரு வேறுபாடும் இல்லை. இட்ட தேதி மருந்து தொடங்கிய நாளுக்கு முன்னால் போகக் கூடாது என்ற விதி, ஸ்பெக்கில் நான்கு பக்கம் தள்ளி ஓர் அடிக்குறிப்பாக இருந்தது. அதைச் செய்வதற்கான குறைந்தபட்சத் தேதி அளவுருவும் (செயற்கூறுக்கு நாம் கொடுக்கும் உள்ளீடு) அட்மிரலில் ஏற்கெனவே இருந்தது. கண்டுபிடித்தவர் ரிவியூ செய்த மூத்தவர். அவர் நிரலைத் திறப்பதற்கு முன்பே, அரைகுறைத் தேதியுள்ள ஒரு நோயாளியை மூலத்தரவில் பிடித்து, விடையைத் தாளில் எழுதி வைத்திருந்தார்.

அதன்பின் என் ரிவியூ முறை மாறியது. தேதிக் கணக்கு சரியா என்று வரிக்கு வரி பார்ப்பதை விட்டுவிட்டேன். அதைத் தொகுப்பின் சோதனைகள் பார்த்துக்கொள்கின்றன. எந்த அளவுருவைக் கொடுத்திருக்கிறார்கள், எதைக் கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள் என்பதில்தான் என் நேரம் போகிறது. அளவுருவைக் கொடுக்காதபோது தானாக எடுத்துக்கொள்ளப்படும் இயல்புநிலை மதிப்பு நிரலில் கண்ணுக்குத் தெரியாது. தேதியை மட்டும் தரும் செயற்கூறு இயல்பாக எதையும் இட்டு நிரப்பாது, நேரத்தையும் சேர்த்துத் தருவதோ விடுபட்ட நேரப்பகுதியை நிரப்பும். இந்த வேறுபாட்டை அறியாமல் ரிவியூவில் கையெழுத்துப் போடுவது ஆபத்து.

குறைகளும் உண்டு. 1.0 பதிப்புக்கு முன் பெயர்கள் அடிக்கடி மாறின. 2023-இல் மாறிகளைக் குறிக்கும் முறையே மாறியபோது எங்கள் பழைய நிரல்களையும் சோதனைகளையும் உட்கார்ந்து திருத்தினோம். பழையதை நீக்குவதற்கு முன் எச்சரிக்கை தருகிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் ஆய்வின் நடுவில் பதிப்பை மாற்றுவதில்லை என்று தொகுப்புகளின் பதிப்பை நிலைநிறுத்தும் ரென்வ் (renv) கொண்டு பூட்டி வைத்துவிட்டோம்.

சாஸுடன் ஒப்பிடும் தொல்லை மட்டும் இன்னும் தீரவில்லை. 2.5-ஐ முழு எண்ணாக்கச் சொன்னால் சாஸ் 3 தரும், ஆர் 2 தரும். இதற்கு அட்மிரலைக் குறை சொல்ல முடியாது; இருந்தாலும் புதிதாக வருபவர் ஒவ்வொருவரும் முதல் ஒப்பீட்டு அறிக்கையைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்குத்தான் வருகிறார்கள்.