ஊரையே எழுப்பும் அலாரம், அவனைத் தவிர

படுக்கை நனைக்கும் பிள்ளைகளுக்கான அலாரம். விலை 2,400 ரூபாய். ஒன்பது வாரம் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன்.

மகனுக்கு எட்டு வயது. டாக்டர் பார்த்துவிட்டு, "கோளாறு ஒன்றும் இல்லை, அலாரம் வாங்கிப் பாருங்கள்" என்றார். அத்தை அதற்குள் எள்ளுருண்டை பிடிக்க ஆரம்பித்துவிட்டார்.

தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, பனியன் தோளில் மாட்டிக்கொள்ளலாம். அதிலிருந்து ஒரு ஒயர், முனையில் ஜட்டியில் மாட்டும் கிளிப். ஈரம் பட்டால் கத்தும். முதல் ராத்திரி நான் எழுந்தேன், அவர் எழுந்தார், அத்தை எழுந்தார், மாடி வீட்டில் லைட் எரிந்தது. அவன் புரண்டு படுத்தான்.

காசு தண்டம் என்ற கடுப்பில்தான் இது எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் படித்தேன். 1904இல் ஃபௌண்ட்லர் என்ற குழந்தை மருத்துவர், எந்தப் பிள்ளை நனைத்திருக்கிறது என்று நர்ஸுக்குத் தெரியட்டும் என்று படுக்கையில் மின்மணி வைத்தார். துணி மாற்றத்தான் மணி. ஆனால் போகப் போக பிள்ளைகள் நனைப்பதே குறைந்துவிட்டது! (நாய்களைப் பழக்கி ஆராய்ந்த ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவுக்கு நோபல் கிடைத்ததும் அதே வருடம். எச்சில் ஊறிய நாய்களுக்காக இல்லை, செரிமான ஆராய்ச்சிக்காக.) 1938இல் மௌரர் என்ற அமெரிக்கத் தம்பதி இதற்குப் பாவ்லோவ் வழியில் விளக்கம் சொல்லி, 30 பிள்ளைகளிடம் செய்து பார்த்தார்கள்.

பாவ்லோவின் நாய்க்கு மெட்ரோனோம் என்ற தாளக் கருவி டிக்டிக் என்றதும் சாப்பாடு வரும். நாளடைவில் டிக்டிக் கேட்டாலே எச்சில் ஊறும். இங்கே டிக்டிக், நிறைந்த மூத்திரப்பை. சாப்பாட்டின் இடத்தில் மணி. பை நிறைய, மணி அடிக்க, தசை இறுகி, ஆள் விழிக்க வேண்டும். பல ராத்திரி இப்படியே நடந்தால், பிறகு பை நிறைந்ததுமே மணி இல்லாமல் விழிப்பு வந்துவிடும்.

அப்போதுதான் என் தப்பு புரிந்தது. நான் அலாரத்தை அணைத்துவிட்டு, தூக்கம் கலையாமல் அவனுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். மணி அடித்தவுடன் அவன் விழிக்காவிட்டால் பாடமே நடக்காது. அன்றிலிருந்து உலுக்கி எழுப்பி, முகம் கழுவவைத்து, அவன் கையாலேயே அணைக்கச் சொன்னேன். கூட வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

மூன்றாம் வாரம் ஈரம் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியது. ஆறாம் வாரம் ஒரு ராத்திரி, "அம்மா, அது கத்துறதுக்குள்ள நானே போயிட்டேன்" என்று வந்து நின்றான். இப்போது தொடர்ந்து 14 ராத்திரி காய்ந்த படுக்கை. எள்ளுருண்டைதான் காரணம் என்கிறார் அத்தை.

பக்கவிளைவு எனக்குத்தான். எதிர்வீட்டுக் கார் ரிவர்ஸ் எடுத்துப் 'பீப் பீப்' என்றால், பகலில்கூடத் துள்ளி எழுகிறேன். இதுவும் அதே மாதிரிப் பழக்கம்தான். 1920இல் வாட்சன், ரேய்னர் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள், ஆல்பர்ட் என்ற கைக்குழந்தை வெள்ளை எலியைத் தொடும்போதெல்லாம் பின்னால் இரும்புக் கம்பியில் சுத்தியலால் அடித்தார்கள். அப்புறம் அது முயலுக்கும் அழுதது, ரோமக் கோட்டுக்கும் அழுதது. அந்தப் பயத்தைப் போக்காமலேயே அனுப்பியும்விட்டார்கள். படித்தபோது வயிறு எரிந்தது.

குறை என்றால், கரண்ட் போன ராத்திரிகளில் வியர்வைக்கே கத்துகிறது. ஜட்டிக்கு மேல் இன்னொரு ஜட்டி போட்டு, கிளிப்பை வெளி ஜட்டியில் மாட்டினால் அடங்கும். கிளிப் இப்போதே துருப்பிடிக்கிறது, தனியாக விற்பதில்லை. அதற்காக ஒரு ஸ்டார் குறைத்து, நான்கு.